எதிர்த்தவர் பெயர் ஏட்டில் இல்லை: வேலையிழந்தோர் உதவியும் தேர்தல் கணக்கும்

2020 டிசம்பர் 15 அன்று மலேசிய நாடாளுமன்றத்தில் 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 111க்கு 108 என்ற கணக்கில் நிறைவேறியது. முகிதின் யாசின் அரசு மூன்று வாக்கில் தப்பியது என்று மறுநாள் எல்லாரும் பேசினார்கள். அந்தத் திட்டத்துக்குள் ஒரு சிறிய அறிவிப்பும் இருந்தது. வேலையிழந்தவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வழியாகக் கிடைக்கும் வேலை தேடும் உதவித்தொகை, ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமாக நீட்டிக்கப்படும் என்பது அது. வாக்கெடுப்பைக் கறாராக வாசித்தால், 108 மக்கள் பிரதிநிதிகள் அந்த நீட்டிப்புக்கும் சேர்த்தே கை விரித்தார்கள்.

அவர்கள் நோக்கம் அதுவல்ல என்பது ஊரறிந்தது. அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று காட்டுவதே எதிர்க்கட்சிகளின் குறி. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து 2022 நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தபோது, "வேலையில்லாதவனுக்குக் கிடைக்கவிருந்த மூன்று மாதப் பணத்துக்கு எதிராக வாக்களித்தவர்கள்" என்ற குற்றச்சாட்டு ஒரு தேர்தல் விவகாரமாக எழவே இல்லை. எதிர்த்து வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இருந்த நம்பிக்கைக் கூட்டணிதான் அந்தத் தேர்தலில் ஆக அதிக இடங்களைப் பிடித்தது.

வேலையிழந்தோர் உதவியை எதிர்க்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசியலில் விலை கொடுக்கிறார்களா? கொடுத்தால் எப்போது? கொடுக்காவிட்டால் ஏன்? இந்தக் கேள்விகளை உலக அனுபவத்தோடும் நம் பேராக் அனுபவத்தோடும், குறிப்பாகத் தாப்பா தொகுதியோடும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாப்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் சொக்சோ யாருடைய அமைச்சின் கீழ் இருந்ததோ, அந்த மனிதவள அமைச்சர் தாப்பாவின் நாடாளுமன்ற உறுப்பினர் எம். சரவணன். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த மு. குலசேகரன் ஈப்போ பாராட் உறுப்பினர். சரவணனுக்குப் பின் வந்த வ. சிவக்குமார் பத்து காஜா உறுப்பினர். 2018 முதல் 2023 வரை மனிதவள அமைச்சு பேராக் மாநிலத்தின் இந்தியப் பிரதிநிதிகள் கையிலேயே இருந்தது. தோட்டத்து வேலையிழப்பை மூன்று தலைமுறையாகப் பார்த்த மாநிலத்துக்கு இது சாதாரணச் செய்தியல்ல.

சட்டம் வந்த வழி

1998இல் ஆசிய நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது மலேசியாவில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள். முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் ஒரு சிறு தொகை போட்டு ஒரு தேசிய ஆட்குறைப்பு நிதியை உருவாக்கலாம் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அப்போதே கேட்டது. அரசு ஏற்கவில்லை. முதலாளிகளுக்குக் கூடுதல் சுமை என்ற வாதமே நின்றது.

அதுவரை தொழிலாளிக்கு இருந்த ஒரே பிடிமானம் 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நட்டஈட்டு விதிகள். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். ஆனால் அதை முதலாளிதான் தர வேண்டும். கம்பெனி திவாலாகி ஓடிவிட்டால் தீர்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆட்குறைப்பு நிதி வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டதன் அடிப்படை இது.

ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து 2017இல் வேலை காப்புறுதித் திட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அப்போது மனிதவள அமைச்சர், சரவாக்கின் செரியான் தொகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட் ரியோட். முதலில் பேசப்பட்ட சந்தா விகிதம் முதலாளிக்கு 0.5 விழுக்காடு, தொழிலாளிக்கு 0.5 விழுக்காடு. மலேசிய முதலாளிமார் சம்மேளனம் கடுமையாக எதிர்த்தது. அதன் நிர்வாக இயக்குநர் சம்சுடின் பார்டான் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே வாதாடினார். ஆகஸ்டில் முதல் வாசிப்புக்கு வந்த மசோதா அக்டோபர் 25 அன்று நிறைவேறியபோது விகிதம் ஆளுக்கு 0.2 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. 2018 ஜனவரியில் சந்தா பிடிக்கத் தொடங்கினார்கள். சட்டப்படியான முழு உதவி 2019 ஜனவரியில் தொடங்கியது.

அரை விழுக்காடு 0.2 ஆனதுதான் இந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே ஆகப் பெரிய வெட்டு. நிதி எவ்வளவு சேரும், உதவி எத்தனை மாதம் தாங்கும், யாரையெல்லாம் உள்ளே சேர்க்கலாம் என்பதெல்லாம் அந்த விகிதத்தைச் சார்ந்தவை. அந்த வெட்டு கூட்ட அறைகளில், முதலாளிமார் சங்கங்களுக்கும் அமைச்சுக்கும் இடையே நடந்தது. அதை யார் கேட்டார், யார் தலையாட்டினார் என்று தாப்பாவிலோ பீடோரிலோ இருக்கும் ஒரு தொழிலாளி கண்டுபிடிக்க வழியில்லை. மலேசியாவில் வேலையிழந்தோர் உதவிக்கான எதிர்ப்பு இப்படித்தான் நடக்கிறது. மேடையில் எவரும் எதிர்ப்பதில்லை. மசோதா சபைக்கு வருமுன்பே அதன் எலும்பை உருவிவிடுகிறார்கள்.

சபைக்குள்ளும் நிலைமை வேறல்ல. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுகின்றன. பெயர் சொல்லி எண்ண வேண்டுமானால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். இதே 2021 வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் 2020 நவம்பர் 26 அன்று வாக்குக்கு வந்தபோது எழுந்து நின்றவர்கள் 13 பேர். இரண்டு பேர் குறைந்ததால் குரல் வாக்கிலேயே அந்தக் கட்டம் கடந்தது. நாட்டின் ஆகப் பெரிய பண மசோதாவுக்கே கதி இதுவென்றால், தொழிலாளர் சட்டத் திருத்தங்களில் தம் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று வாக்காளர் தெரிந்துகொள்வது எப்படி?

தாப்பாவில் அந்த மூன்று மாதத்தின் மதிப்பு

பெருந்தொற்றின் முதல் அடி விழுந்த 2020 மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டது. 8 லட்சத்து 26 ஆயிரம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் இரண்டு விதமாக இருந்தது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. தாப்பா மாவட்ட மன்றப் பகுதி. ஆகவே இங்குள்ள தொழிலாளிக்கு 1,100. அவர் சம்பளத்திலிருந்து மாதம் பிடித்தது இரண்டு வெள்ளி சொச்சம், முதலாளி போட்டதும் அதே அளவு. அவர் வேலையிழந்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 880 வெள்ளி. இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, 550. மூன்றாம், நான்காம் மாதங்களில் 40 விழுக்காடு, 440. ஐந்தாம், ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு, 330. நீட்டித்த ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்களுக்கும் அதே 330தான்.

ஆக, நாடாளுமன்றத்தில் அன்று வாக்குக்கு வந்த நீட்டிப்பு தாப்பாவின் குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 990 வெள்ளி. அந்த ஆண்டு அரசு திருத்தி அறிவித்த வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,208 வெள்ளி. இந்தப் பணம் கோட்டின் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனாலும் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளி பஸ்ஸுக்கும் கடன் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பணம் அது. சின்னத் தொகைதானே என்று தள்ளுவோருக்கு மாதம் 330 வெள்ளியில் அரிசி வாங்கிய அனுபவம் இருக்காது.

உதவிக்குத் தகுதி பெறுவதும் எளிதல்ல. முந்தைய 24 மாதத்தில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் இடமில்லை. "நீங்களே ராஜினாமா செய்வதாகக் கையெழுத்துப் போடுங்கள், சம்பளத்தை உடனே தருகிறோம்" என்று சொல்லும் வேலையிடங்களில் அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் தன் உரிமையை அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார். செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்கு வேலை செய்பவர், பீடோர் பக்கம் கொய்யாத் தோட்டத்தில் சம்பளச் சீட்டு இல்லாமல் உழைப்பவர், கடைவீதியில் தள்ளுவண்டி வைத்திருப்பவர் ஆகியோர் பெயர் சொக்சோ ஏட்டிலேயே ஏறியிருக்காது. சந்தா நிபந்தனை நிறையாதவர்களுக்கும் 2021இல் மூன்று மாதம் உதவி தர அரசு வழி செய்தது நல்ல காரியம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. சட்டம் அந்த அளவுக்கு மாறவில்லை.

சேமிப்பை உடைக்க மட்டும் போட்டி

அதே 2020 நவம்பரில் உறுப்பினர்கள் உண்மையிலேயே போட்டி போட்ட விவகாரம் ஒன்று உண்டு. தொழிலாளர் சேமநிதியான ஈபிஎஃப்பிலிருந்து பணம் எடுக்க விட வேண்டும் என்பதே அது. நஜிப் ரசாக் தலைமையில் தேசிய முன்னணியின் பின்னிருக்கை உறுப்பினர்கள், முதல் கணக்கைத் திறந்துவிடாவிட்டால் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவில்லை என்ற அளவுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இன் சிறப்பு மீட்பு என்று நான்கு சுற்றில் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது.

அரசியல்வாதிக்கு இது விலையில்லாத வாக்குறுதி. முதலாளி ஒரு காசு கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை, அரசுக் கருவூலத்துக்கும் சுமையில்லை. தொழிலாளி தன் முதுமைக்குச் சேர்த்ததைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறார். அதற்கு நன்றி மட்டும் உறுப்பினருக்கு. வேலையிழந்தோர் உதவியை வலுவாக்கினால் முதலாளிகளின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டும். சேமநிதியைத் திறந்தால் எவர் கோபமும் இல்லை. உறுப்பினர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் புதிர் ஏதுமில்லை. இன்று ஐம்பத்தைந்து வயதை நெருங்கும் பலரின் கணக்கில் சொற்பமே மிச்சமிருப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

மற்ற நாடுகள் காட்டுவது

உதவியை எதிர்த்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களா என்பதற்கு அமெரிக்காவில் நிறையச் சான்று கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே முக்கிய வாக்கெடுப்புகளில் செனட் உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கும் பெயரோடு பதிவாகிறது. 2010 பிப்ரவரி இறுதியில் கென்டக்கியின் ஜிம் பன்னிங் தனியாளாக நின்று உதவி நீட்டிப்பைச் சில நாள் தடுத்தார். நாடே அவரைத் திட்டியது. ஆனால் அவர் மீண்டும் போட்டியிடுவதாகவே இல்லை, அவருடைய இடத்தையும் அவர் கட்சிக்காரரான ரேண்ட் பால்தான் வென்றார்.

2013 டிசம்பர் 28 அன்று நீட்டிப்பு காலாவதியாகி, 13 லட்சம் பேரின் உதவி ஒரே நாளில் நின்றது. 2014 ஏப்ரலில் செனட் 59க்கு 38 என்று அதைப் புதுப்பித்தது. பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் ஜான் பெய்னர் அதை வாக்குக்கே விடவில்லை. அந்த நவம்பர் தேர்தலில் அவருடைய குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் பலத்தைக் கூட்டிக்கொண்டு செனட்டையும் பிடித்தது. 2021 கோடையில் ஏறத்தாழ 25 மாநிலங்கள் வாரம் 300 டாலர் கூடுதல் உதவியைத் தவணைக்கு முன்பே நிறுத்தின. ஜார்ஜியாவின் கெம்ப், டெக்சஸின் அபட், ஓஹாயோவின் டிவைன் என்று அப்படிச் செய்த ஆளுநர்கள் பலர் 2022இல் மறுபடி வென்றார்கள்.

மாறான சான்றும் உண்டு. 2010இல் நெவாடாவில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. செனட்டில் ஆளுங்கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீட் தோற்பார் என்றே கருதினார்கள். எதிர்த்து நின்ற ஷேரன் ஆங்கிள், வேலையிழந்தோர் உதவி மக்களைக் கெடுக்கிறது என்ற பொருளில் பேசியதை ரீட் அணி விளம்பரமாக்கி வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. ரீட் வென்றார். வாக்குப் பதிவு ஏடு மட்டும் போதாது, அதைக் கையிலெடுத்து வாக்காளரின் வாசலுக்குக் கொண்டுபோகும் எதிராளியும் வேண்டும் என்பதை நெவாடா காட்டுகிறது.

பிரிட்டனில் 1931 ஆகஸ்டில் வேலையில்லாதோர் உதவியைப் பத்து விழுக்காடு வெட்டுவதா என்ற கேள்வியிலேயே ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு பிளந்து வீழ்ந்தது. வெட்டை ஆதரித்த தேசிய அரசு அக்டோபர் தேர்தலில் அமோகமாக வென்றது. வெட்டை ஏற்காத தொழிற்கட்சி 52 இடத்துக்குச் சுருண்டது. ஆனால் 1935 தொடக்கத்தில் அதே அரசு உதவி விகிதங்களை மாற்றியமைத்தபோது, தெற்கு வேல்ஸின் சுரங்க ஊர்களில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். சில வாரங்களுக்குள் அரசு பின்வாங்கியது. தேசம் முழுவதும் சிதறிய வேலையில்லாதோரால் தேர்தலில் செய்ய முடியாததை, ஒரே தெருவில் வாழ்ந்த வேலையில்லாதோர் சில வாரத்தில் செய்தார்கள்.

ஜெர்மனியில் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஹார்ட்ஸ் நான்கு சீர்திருத்தம் நீண்டநாள் வேலையில்லாதோரின் உதவியைச் சுருக்கியது. ஜெர்ஹார்ட் ஷ்ரோடரின் கட்சி 39 ஆண்டு கையில் வைத்திருந்த வடரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை அந்த மே மாதம் இழந்தது, செப்டம்பர் தேர்தலுக்குப் பின் பிரதமர் பதவியும் போனது. சீர்திருத்தத்துக்குத் தெளிவாக ஒரு முகம் இருந்தது. தொழிலாளர் கட்சியே தொழிலாளியைக் கைவிட்டது என்ற கோபமும் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய ஓர் அனுபவம் உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஜெயலலிதா அரசு பணிநீக்கம் செய்தது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினாலும் கோபம் ஆறவில்லை. 2004 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் எதிரணி வென்றது. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஆணையிட்டவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், அடிபட்டவர்களுக்குச் சங்கம் இருந்தது, எதிர்க்கட்சி அதை மேடைதோறும் பேசியது.

ஆய்வாளர்கள் சொல்வது

இந்தத் துறையில் அடித்தளமான எழுத்துகளில் ஒன்று கென்ட் வீவர் 1986இல் எழுதிய கட்டுரை. அரசியல்வாதிகள் புகழ் தேடுவதைவிடப் பழி தவிர்ப்பதிலேயே அதிகக் கவனம் வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். ரீகன், தாட்சர் ஆட்சிகளை ஆராய்ந்த பால் பியர்சன், 1994இல் வந்த தம் நூலில், நலத்திட்டத்தை வெட்டுபவர்கள் வெட்டை மறைப்பதிலும் தள்ளிப்போடுவதிலும் பிரித்துச் சிதறடிப்பதிலும் கைதேர்ந்தவர்கள் என்று காட்டினார். கிளாஸ் ஆர்மின்கெயோனும் நத்தாலி கிகரும் 1980 முதல் 2003 வரையிலான வளர்ந்த நாடுகளின் தேர்தல்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. நலத்திட்டத்தை வெட்டிய அரசுக்குத் தானாகத் தண்டனை கிடைப்பதில்லை. தேர்தல் களத்தில் அந்த வெட்டு ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டால்தான் கிடைக்கிறது.

மேலே பார்த்த நாடுகளின் கதையும் இதையே சொல்கிறது. தண்டனை விழ மூன்று கூடிவர வேண்டும். எதிர்த்தவர் பெயர் தெரிய வேண்டும். அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அடிபட்டவர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். மலேசியாவில் முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது ஒரு காலத்தில் இருந்தது.

தோட்டம் கலைந்தபோது கலைந்தது

ரப்பர்த் தோட்டத்தில் வேலை போவது தனி ஒருவரின் துன்பமாக இருந்ததில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது நின்றால் வேலை, லயத்து வீடு, கோயில், பள்ளி எல்லாம் சேர்ந்தே போயின. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோதும், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், நிலத்தை வீடமைப்புக்கு எடுத்தபோதும் இதே கதைதான். நாட்டின் முதல் தொழிலாளர் அமைச்சர்களில் ஒருவரான சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்கள் தவணையில் கட்டிய பணத்தைக் கொண்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அந்தத் துண்டாடலுக்கு விடையாகத்தான். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை அனுமதி இழந்தபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா போனார்கள். போனவர்களுக்கு இங்கே வாக்கில்லை. அந்தச் சட்டத்துக்கு யாரும் தேர்தலில் விலை கொடுக்கவுமில்லை.

விலை வந்தது மிகவும் தாமதமாக. 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு 2008இல் தோற்றார். வென்றவர் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார். அதற்கு முந்தைய நவம்பரில் இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராப் பேரணியில் வெடித்த கோபத்தின் வேர்களில் ஒன்று, நட்டஈடும் வீடும் இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் ஆறாத புண். ஜெயக்குமார் அந்தக் குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர். ஆட்குறைப்பு நிதி வேண்டும் என்று விடாமல் கேட்ட கட்சி அவருடையது.

பிறகு நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேலை காப்புறுதிச் சட்டம் வந்த ஏழே மாதத்தில், 2018 மே தேர்தலில், அதைக் கொண்டுவந்த தேசிய முன்னணி ஆட்சியை இழந்தது. ஜெயக்குமாரும் வைப்புத் தொகை இழந்து தோற்றார். கொடுத்தவருக்கும் நன்றியில்லை, கேட்டவருக்கும் வாக்கில்லை. தாப்பாவில் அந்த ஆண்டு 614 வாக்கில் தப்பிய சரவணன், மனிதவள அமைச்சராக இருந்து 2022இல் சந்தித்த தேர்தலில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்றார். சொக்சோ உதவிதான் அவரை உயர்த்தியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று கூட்டணிகளும் வாக்கைப் பிரித்துக்கொண்ட தேர்தல் அது. 2025 ஏப்ரல் 26 அன்று இதே தாப்பா நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஆயர் கூனிங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணிக்கு 11,065 வாக்கு. பெரிக்காத்தான் நேசனல் கூட்டணிக்கு 6,059. தொழிலாளர் பிரச்சினையை முன்னிறுத்தும் சோசலிசக் கட்சியின் பவானிக்கு 1,106.

இந்த எண்களைப் பார்த்து மக்களுக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டுவது தவறு. தோட்டத்தில் இருந்தபோது நூறு குடும்பம் ஒரே நாளில் வேலையிழந்தது, ஒரே வாக்குச்சாவடியில் வாக்களித்தது. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தாப்பா ரோட்டிலும் கம்பாரிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் தனித்தனி வேலையில் இருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை போனால் பக்கத்து வீட்டுக்கே தெரியாது. வேலையில்லை என்று சொல்ல வெட்கம். ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்தால் அந்த நாட்களை மறக்கவே மனம் விரும்பும். வேலையிழந்தோர் என்ற கூட்டத்தில் இருப்பவர்கள் மாதாமாதம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வாக்கு வங்கியாகத் திரள அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

எதிர்ப்பவர் தரப்பு

எதிர்ப்பவர்களின் காரணங்கள் எல்லாமே கெட்டவை அல்ல. சிறுதொழில் நடத்துபவருக்குச் சேமநிதி, சொக்சோ, மனிதவள மேம்பாட்டு வரி என்று ஏற்கெனவே பல பிடித்தங்கள். நீண்டநாள் உதவி வேலை தேடும் வேகத்தைக் குறைக்கும் என்ற கவலையிலும் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் உதவி மாதத்துக்கு மாதம் இறங்குமாறு வடிவமைக்கப்பட்டது, விரைவில் வேலைக்குச் சேர்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் முதல் மாதத்தில் 80 விழுக்காட்டில் தொடங்கி 30க்கு இறங்கும் திட்டத்தைப் பார்த்துச் சோம்பேறித்தனத்துக்கு அழைப்பு என்று சொல்வதில் நியாயமில்லை. நாடே கதவடைத்திருந்த 2021இல் தேடுவதற்கு வேலையும் இல்லை.

எதிர்க்கும் உரிமை எந்த உறுப்பினருக்கும் உண்டு. காரணத்தைச் சபையில் சொல்லி, பெயரோடு வாக்களித்து, தொகுதிக்கு வந்து விளக்கும் உறுப்பினரை மதிக்கலாம், தேர்தலில் தோற்கடிக்கவும் செய்யலாம். கேடு விளைவிப்பது பெயரில்லாத எதிர்ப்பு. அதற்கு விளக்கமும் கிடைப்பதில்லை, விலையும் விழுவதில்லை.

செய்ய வேண்டியது

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பைத் தொடும் எந்த மசோதாவும், எந்தத் திருத்தமும் பெயர் பதிவோடு வாக்கெடுக்கப்பட வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பதினைந்து பேர் எழுந்து நின்றால் போதும். பேராக்கிலிருந்து மட்டும் 24 உறுப்பினர்கள் போகிறார்கள். அவர்களில் தொழிலாளர் வாக்கால் வென்றதாகச் சொல்பவர்கள் முதலில் எழட்டும்.

மசோதா சபைக்கு வருமுன் அமைச்சு எந்தச் சங்கங்களைக் கலந்து பேசியது, யார் என்ன மாற்றம் கேட்டார்கள் என்பதும் வெளியிடப்பட வேண்டும். 0.5 எப்படி 0.2 ஆனது என்ற கேள்விக்கு விடை பொது ஆவணமாக இருந்திருந்தால், 2017இலிருந்து நம் விவாதமே வேறாக இருந்திருக்கும்.

2025இல் கிக் தொழிலாளர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் வந்தது நல்ல தொடக்கம். ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு வேலை செய்யும் தோட்டத் தொழிலாளியும், காலம் முடிந்து புதுப்பிக்கப்படாத ஒப்பந்த ஊழியரும் நிரந்தரமாக வேலை காப்புறுதிக்குள் வருவது அடுத்த படி.

இவற்றைச் சாதிக்கும் வேலை வாக்காளர் கையிலும் இருக்கிறது. அடுத்த பொதுத்தேர்தலில் தாப்பாவுக்கு வாக்குக் கேட்டு வரும் எந்த வேட்பாளரிடமும், எந்தக் கட்சிக்காரரானாலும், மூன்று கேள்வி கேட்போம். உதவி மாதங்களை நீட்டிக்க ஆதரவா எதிர்ப்பா? சந்தா விகிதத்தை உயர்த்த ஆதரவா எதிர்ப்பா? பெயரோடு வாக்களிக்க எழுந்து நிற்பீர்களா மாட்டீர்களா? கோயில் மண்டபத்திலோ சங்கக் கூட்டத்திலோ கேட்டு, பதிலை எழுதி, தேதி போட்டு எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வைப்போம். பொதுவான அனுதாபப் பேச்சைப் பதிலாக ஏற்க வேண்டாம். ஆம், இல்லை என்ற சொல் வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதே வேட்பாளர் மறுபடி வரும்போது, அவர் வாக்கையும் அவர் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு நாம் நம் வாக்கைப் போடலாம்.